லபூர்தொனேயின் துறைமுகம்: மொரிசியஸ் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: ப்ளாஸ் தார்ம், போர்ட் லூயி

போர்ட் லூயி துறைமுகத்தை ஒட்டி, அரசப் பனைகள் இரு வரிசையாக நிற்கும் திடல்தான் ப்ளாஸ் தார்ம். அதன் கடலோர முனையில் பெர்த்ரான் பிரான்சுவா மஹே தெ லபூர்தொனேயின் சிலை இருக்கிறது. தீவு பிரிட்டிஷார் கையில் இருந்த 1859-இல் வைத்தார்கள். செய்தவர் மொரிசியஸில் பிறந்த சிற்பி ப்ரோஸ்பர் தெபினே. பள்ளிப் பாடத்தில் 1746-இல் மெட்ராஸைப் பிடித்த லா போர்டனாய்ஸ் என்று ஒருவர் வருவாரே, அவர்தான் இவர்.

சிலையின் முகம் கடலைப் பார்த்திருக்கிறது. இந்த ஊரைப் புரிந்துகொள்ள அந்தத் திசையில் இருந்துதான் தொடங்க வேண்டும். 1699-இல் பிரான்சின் சேன் மாலோ துறைமுகத்தில் பிறந்தவர், பத்து வயதில் கப்பல் ஏறினார். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் படிப்படியாக உயர்ந்து கப்பல் தலைவரானார். 1725-இல் மலபார் கரையில் மாஹியைப் பிடித்த படையெடுப்பில் பங்கெடுத்தார். 1735 ஜூனில் இல் தெ ப்ரான்ஸ் (இன்றைய மொரிசியஸ்), பூர்போன் (இன்றைய ரீயூனியன்) என்ற இரண்டு தீவுகளுக்கும் ஆளுநராக வந்து இறங்கியபோது அவருக்கு வயது 36. நிர்வாகம் படித்தவர் அல்ல, மாலுமி. அவர் கட்டிய ஒவ்வொன்றும் ஒரே கேள்விக்குப் பதிலாக வந்ததுதான்: பிரான்சிலிருந்து இந்தியா போகும் கப்பலுக்கு நடுவழியில் என்னென்ன வேண்டும்?

முதல் பதில் துறைமுகம். அவர் வந்தபோது தீவில் இரண்டு துறைமுகங்கள் இருந்தன. தென்கிழக்கில் க்ரான் போர், வடமேற்கில் போர்ட் லூயி. டச்சுக்காரர்கள் குடியேறியது க்ரான் போரில். விரிந்த குடா, நல்ல ஆழம், பார்க்கவும் அழகு. லபூர்தொனே அதை ஒதுக்கிவிட்டுப் போர்ட் லூயியைத் தலைநகராக்கினார். காரணம் காற்று.

இந்தக் கடலில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து வாணிபக் காற்று வீசும். க்ரான் போரில் அது கடலிலிருந்து கரை நோக்கி அடிக்கும். உள்ளே வருவது சுலபம். வெளியே போவதென்றால், பவளப்பாறைகளுக்கு நடுவே உள்ள குறுகலான வாயில் வழியாக, எதிர்க்காற்றில் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் மாற்றி ஓட வேண்டும். கொஞ்சம் பிசகினால் பாறை. அதனால் சாதகமான காற்றுக்காகக் கப்பல் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும். போர்ட் லூயியில் எல்லாம் நேர்மாறு. தீவின் மலைகள் தடுப்பாக நிற்க, காற்று நிலத்திலிருந்து கடல் நோக்கிப் போகும். நங்கூரம் தூக்கிப் பாயை விரித்தால் கப்பல் தானாக வெளியேறும்.

சிரமம் உள்ளே வருவதில்தான். வாயிலுக்கு வெளியே கப்பலை நிறுத்துவார்கள். ஒரு படகு சிறிய நங்கூரத்தை வடத்தோடு எடுத்துப்போய் முன்னால் தண்ணீரில் போடும். கப்பலின் மேல்தளத்தில் ஆட்கள் சுழல் உருளையைத் தள்ளி வடத்தைச் சுற்றச் சுற்ற, கப்பல் அந்த நங்கூரத்தை நோக்கி நகரும். பிறகு அடுத்த நங்கூரம், அடுத்த இழுப்பு. நோயில் விழுந்த மாலுமிகளோடு வந்த கப்பலுக்கு இது பெரும்பாடு. ஆனாலும் கணக்கு சரியாகவே இருக்கிறது: உள்ளே வரத் தாமதமானால் போவது சில மணி நேரம், வெளியே போகத் தாமதமானால் இந்தியப் பருவக்காற்றே கை நழுவிவிடும்.

சிலையிலிருந்து நிலப்பக்கம் திரும்பி நேராக நடந்தால் அரசு இல்லம். கீழ்த்தளக் கல்கட்டு லபூர்தொனே காலத்தது, மேல்தளம் பின்னால் வந்த ஆளுநர் தெகான் சேர்த்தது. உள்ளே விட மாட்டார்கள், வாயிற்கதவு வழியாகப் பார்க்கலாம். பக்கத்தில் உள்ள கம்பெனித் தோட்டத்தில் ஆலமர நிழல் கிடைக்கும். சேன் லூயி தேவாலயத்தில் லபூர்தொனேயின் முதல் மனைவியும் மகனும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள்: தண்ணீர், மருத்துவமனை, கொத்தனார்கள்

துறைமுகத்தை ஒட்டி வடக்கே நடந்தால் த்ரூ ஃபான்ஃபரோன் வரும். புயலில் கப்பல்கள் ஒதுங்கும் உட்குடா இது. கரையில் அடுத்தடுத்து இரண்டு இடங்கள். ஒன்று ஆப்ரவாசி காட். 1834-க்குப் பின் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் இறங்கிய துறை, 2006 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒட்டியே நிற்கும் நீளமான பழைய கல்கட்டடத்தையும் விடாமல் பாருங்கள். லபூர்தொனே 1740-இல் கட்டிய ராணுவ மருத்துவமனை அது. இப்போது அடிமை வணிக வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

மருத்துவமனை ஏன் கடல்விளிம்பில்? நோயாளிகள் கடலிலிருந்துதான் வந்தார்கள். நாலைந்து மாதம் உப்புக்கண்டமும் காய்ந்த பிஸ்கட்டும் தின்று வந்த மாலுமிகளுக்கு ஸ்கர்வி வந்திருக்கும். ஈறு வீங்கி ரத்தம் கசியும், பழைய புண்கள் மறுபடி வாய் திறக்கும், நிற்கத் தெம்பிருக்காது. அவர்களைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடக்க முடியாது. படகிலிருந்து இறக்கினால் நேரே கட்டில் என்கிற தூரத்தில் கட்டடம் இருந்தாக வேண்டும்.

அடுத்து தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்று வைத்தாலே, 300 பேர் உள்ள கப்பலுக்கு 60 நாளைக்கு 54,000 லிட்டர் வேண்டும். முன்பு இதற்காகப் படகுகளில் பீப்பாய்களை ஏற்றி, ஊருக்கு மேற்கே உள்ள க்ரான் ரிவியேர் ஆற்றுக்குத் துடுப்புப் போட்டுப் போய் நிரப்பிவர வேண்டியிருந்தது. கடல் கொந்தளித்தால் பீப்பாய்களில் உப்பு ஏறிவிடும். லபூர்தொனே அந்த ஆற்றிலிருந்து ஒன்றரை லீக் தூரம், அதாவது ஆறு கிலோமீட்டருக்கு மேல், கல்வாய்க்கால் கட்டி நன்னீரைத் துறைமுகத்துக்கும் மருத்துவமனைக்கும் கொண்டுவந்தார். பம்ப் கிடையாது, சரிவு மட்டும்தான். சரிவு குறைந்தால் வண்டல் படியும், கூடினால் ஓட்டத்தின் வேகம் சுண்ணாம்புப் பூச்சை அரித்துவிடும். மட்டம் பார்த்து அவ்வளவு தூரத்துக்குக் கல் வைப்பது தேர்ந்த கொத்தனாரின் வேலை.

அந்தத் தேர்ச்சி பாண்டிச்சேரியிலிருந்து வந்தது. இந்தத் தீவில் தமிழர் வரலாறு கரும்புக் கூலிகளோடு தொடங்கியதாகவே பலர் நினைக்கிறார்கள். அதற்கு நூறு ஆண்டு முன்பே, 1729 முதல், கம்பெனி பாண்டிச்சேரியிலிருந்து கைவினைஞர்களை இங்கே அனுப்பியது. லபூர்தொனே இன்னும் அதிகமானவர்களை வரவழைத்தார்: கொத்தனார், தச்சர், கொல்லர். ஒப்பந்தத்தில் வந்தவர்களும் உண்டு, சோழமண்டலக் கரையில் விலைக்கு வாங்கப்பட்டு அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. நகரின் கிழக்கே அவர்கள் குடியிருந்த பகுதிக்குக் கான் தே மலபார் என்று பெயர்.

தீவில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை, ஆனால் சுண்ணாம்புக்கல் கிடையாது. அதனால் கடலிலிருந்து பவளத்தை வெட்டி எடுத்து, மழைநீரில் கிடக்கவிட்டு உப்பைக் கழுவி, விறகோடு அடுக்கடுக்காகச் சூளையில் வைத்துச் சுட்டார்கள். உப்பு சரியாகப் போகாவிட்டால் சுவர் ஆண்டுக்கணக்கில் ஈரம் உறிஞ்சிப் பூசணம் பூக்கும். வெந்ததை நீர் தெளித்துத் தாளித்து, மணலோடு அரைத்துப் பயன்படுத்தினார்கள். அருங்காட்சியகச் சுவரின் கற்களுக்கு நடுவே வெள்ளையாகத் தெரியும் பழைய சாந்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள், முழுதும் வேகாத பவளத் துணுக்குகள் கண்ணில் படும். தட்டையான கூரைக்கு மேல் சுண்ணாம்புத் தளம் போடும் முறையும் இந்தியாவிலிருந்து வந்ததுதான். இங்கே அதை அர்கமாஸ் என்கிறார்கள்.

பாரம் சுமந்தவர்களில் பெரும்பாலோர் மடகாஸ்கர், மொசாம்பிக், மேற்கு ஆப்பிரிக்கா ஆகிய இடங்களிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1735-இல் தீவில் சுமார் 650 அடிமைகள் இருந்தார்கள். 1740-இல் 2,500-ஐத் தாண்டிவிட்டது. அந்த ஐந்தாண்டில்தான் இந்த நகரம் எழுந்தது. லபூர்தொனே தாமும் அடிமைகளை வைத்திருந்தார், அந்த வியாபாரத்திலும் ஈடுபட்டார். காட்டுக்குத் தப்பி ஓடியவர்களைப் பிடிக்க அடிமைகளைக் கொண்டே ஒரு படை அமைத்தார். சிலையின் பீடத்தில் இல்லாத இந்தச் செய்தியை அருங்காட்சியகம் சொல்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது.

மூன்றாம் நாள்: பாம்ப்ளமூஸ், வில்பாக்

போர்ட் லூயியிலிருந்து வடக்கே 11 கிலோமீட்டர். வடக்குப் பகுதிப் பேருந்துகள் ஆப்ரவாசி காட்டுக்குப் பக்கத்தில் உள்ள இமிகிரேஷன் ஸ்குவேரிலிருந்து புறப்படும். எல்லோரும் பாம்ப்ளமூஸ் தாவரவியல் பூங்காவுக்குப் போவது ராட்சத அல்லி இலைகளைப் படம் எடுக்க. பூங்காவின் தொடக்கம் அல்லி அல்ல, கீரையும் காயும். இங்கே மோன் ப்ளேசீர் என்ற நிலத்தை லபூர்தொனே வாங்கிக் குடியிருந்து, தம் வீட்டுக்கும் கப்பல்களுக்கும் காய்கறி பயிரிட்டார். ஸ்கர்விக்கு மருந்து இந்தப் பாத்திகளில் விளைந்தது. இப்போது மோன் ப்ளேசீர் என்று காட்டும் மாளிகை பிரிட்டிஷ் காலத்துக் கட்டடம். வாசனைப் பயிர்களைக் கொண்டுவந்து இதைத் தாவரவியல் தோட்டமாக்கியவர் பின்னால் வந்த பியேர் புவாவ்ர்.

மரவள்ளியை இந்தத் தீவில் பரவ வைத்தவரும் லபூர்தொனேதான். பிரேசில் பயிர். இங்கே நெல்லும் கோதுமையும் சோளமும் ஒரு புயலில் சாய்ந்துவிடும், மிச்சத்தை வெட்டுக்கிளியும் எலியும் தின்றுவிடும். மரவள்ளியின் தண்டு முறிந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். அறுவடைக்கு அவசரமில்லை, வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம். இவ்வளவு இருந்தும் குடியேறிகள் முரண்டு பிடித்தார்கள். வைத்திருக்கும் ஒவ்வோர் அடிமைக்கும் 500 செடி நட வேண்டும் என்று ஆளுநர் ஆணையே போட வேண்டியதாயிற்று.

அவர்கள் பயத்துக்குக் காரணமும் இருந்தது. கசப்பு மரவள்ளியின் திசு நசுங்கும்போது சயனைடு வெளிவரும். பச்சையாகத் தின்ற ஆடுமாடு செத்துவிழும், பக்குவம் தெரியாமல் சமைத்த மனிதர்களுக்கும் அதே கதிதான். தோலைச் சீவி, கிழங்கை நன்றாகத் துருவி, சாக்கில் கட்டிக் கல் வைத்து அழுத்திச் சாற்றைப் பிழிந்து, பிறகு சட்டியில் கிளறி வறுக்க வேண்டும். துருவுவதில் சோம்பல் கூடாது. பெரிய துண்டுகளாக வெட்டி வெயிலில் சட்டென்று காயவைத்தால் விஷம் உள்ளேயே தங்கிவிடும். திசு முழுக்க உடைந்தால்தான் சயனைடு உருவாகி, சாற்றோடும் ஆவியோடும் வெளியேறும். இந்தப் பக்குவம் பழகிய பிறகு மரவள்ளி அடிமைகளின் அன்றாட உணவானது. தோட்ட முதலாளிகளுக்கு அது மலிவான தீனி என்பதையும் மறக்க வேண்டாம்.

பாம்ப்ளமூஸுக்குக் கிழக்கே வில்பாக். 1740-களில் தீவின் முதல் சர்க்கரை ஆலைகளில் ஒன்று இங்கே எழுந்தது. லபூர்தொனேயின் சகோதரர் லா வில்பாக்கின் பெயரே ஊர்ப் பெயர். பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, கரும்பு வயல்தான்.

நான்காம் நாள்: பூத்ர் தோர்

வடகிழக்குக் கடற்கரையில் மீனவர் ஊர். எதிரே இல் தாம்ப்ர் என்ற சின்னத் தீவு. 1744 ஆகஸ்ட் 17 இரவு, கம்பெனிக் கப்பல் சேன் ஜெரான் இந்தப் பவளப்பாறையில் மோதி உடைந்தது. கிட்டத்தட்ட 200 பேர் இருந்த கப்பலில் உயிர் தப்பியவர்கள் ஒன்பது பேர். அதில் லபூர்தொனே எதிர்பார்த்திருந்த சர்க்கரை ஆலை இயந்திரங்களும் இருந்தன. கரையோர நினைவுத் தூணிலிருந்து பார்த்தால், வெண்நுரைக் கோடாகப் பாறை வரிசை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது புரியும். கரை கண்ணுக்குத் தெரியும் தூரம்தான், இருந்தும் இருட்டில் அலையோடு நீந்தி வர முடியாத தூரம்.

ஐந்தாம் நாள்: மஹேபூர், க்ரான் போர்

போர்ட் லூயியிலிருந்து 45 கிலோமீட்டர், விமான நிலையத்துக்குப் பக்கம். ஊர் திரும்பும் நாளில் வைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம். மே முதல் நவம்பர் வரை வருவது நல்லது. அதன் பிறகு புயல் காலம், மூன்றாம் எச்சரிக்கை அறிவித்தால் பேருந்து ஓடாது.

மஹேபூர் ஊர் லபூர்தொனே காலத்தில் இல்லை. 1800-களின் தொடக்கத்தில் தெகான் அமைத்து அவர் பெயரைச் சூட்டினார். தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் சேன் ஜெரானின் மணி இருக்கிறது. கரையில் நின்றால் முகத்தில் அறையும் காற்றே, இந்தத் துறைமுகம் ஏன் கைவிடப்பட்டது என்று சொல்லிவிடும். அருகே வில் நுவாரில் 1870 முதல் ஒரு குடும்பம் மரவள்ளி பிஸ்கட் செய்து வந்திருக்கிறது. துருவிப் பிழிந்து காயவைத்துச் சலித்த மாவைச் சர்க்கரை சேர்த்துச் சூடான இரும்புத் தகட்டில் பரப்பி, சதுரமாக வெட்டிச் சுடுவது அங்கே முறை.

கடைசி நாள்: மறுபடி துறைமுகம், 1746

காற்றறிந்த மாலுமி கடைசியில் காற்றிடமே கப்பல்களைப் பறிகொடுத்த கதையைச் சொல்லப் பொருத்தமான இடம் போர்ட் லூயியின் கோதான் கடல்முகப்புதான். மெட்ராஸைப் பிடித்த கப்பல்கள் ஆயுதம் ஏற்றியது இந்தத் துறையில்.

1740-இல் முதல் மனைவியை இழந்த நிலையில் பிரான்சுக்குப் போன லபூர்தொனேமீது ஏகப்பட்ட புகார்கள் காத்திருந்தன. உம் சொந்தக் காரியம் மட்டும் எப்படி இவ்வளவு நன்றாக நடந்தது என்று கம்பெனி இயக்குநர் ஒருவர் கேட்டாராம். அதை என் அறிவின்படி செய்தேன், கம்பெனி காரியத்தை உங்கள் உத்தரவின்படி செய்தேன் என்றாராம் இவர். 1741-இல் திரும்பி வந்து மாஹியின் முற்றுகையை விலக்கினார். 1742-இல் லசார் பிக்கோ என்ற மாலுமியை வடக்கே அனுப்பினார், சேஷெல்ஸின் பெரிய தீவுக்கு மஹே என்று பெயர் வந்தது அப்படித்தான். பிறகு இங்கிலாந்தோடு போர் மூண்டது. சரக்குக் கப்பல்களுக்குப் பீரங்கி பூட்டி, மாலுமிகளுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்து, 1746-இல் புறப்பட்டார். மடகாஸ்கர் அருகே புயல் சிதறடித்தது. அந்தோங்கில் குடாவில் ஒதுங்கி, காட்டு மரம் வெட்டிப் பாய்மரம் செய்து நிமிர்த்தினார். ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஆங்கிலக் கப்பல்களோடு மோதிவிட்டுப் பாண்டிச்சேரி சேர்ந்தார்.

செப்டம்பர் 18-இல் மெட்ராஸ் மீது குண்டுமழை தொடங்கியது. கோட்டைக்குள் சுமார் 200 ஐரோப்பியச் சிப்பாய்கள்தான். 21-ஆம் தேதி ஆளுநர் நிக்கோலஸ் மோர்ஸ் சரணடைந்தார். இளம் எழுத்தராக இருந்த ராபர்ட் கிளைவ் பின்னர் தப்பிக் கடலூருக்குப் போனது இந்தச் சமயத்தில்தான். 11 லட்சம் வராகன் கொடுத்தால் நகரைத் திருப்பித் தருவதாக லபூர்தொனே ஒப்பந்தம் பேசினார். பாண்டிச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளே மறுத்தார்: நகரம் நம்மிடமே இருக்க வேண்டும், அதை என்ன செய்வதென்று முடிவெடுக்கும் அதிகாரமும் உமக்கு இல்லை. பாண்டிச்சேரியில் இருந்தபடி இந்தச் சண்டையைத் தமிழில் அன்றன்றைக்கு எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை.

லபூர்தொனே லஞ்சம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதை ஒருபுறம் வைத்தாலும், மாலுமியின் கணக்கு ஒன்று இதில் தெளிவாக இருக்கிறது. மெட்ராஸில் அப்போது துறைமுகம் கிடையாது, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவம் திரும்பினால் காற்று கப்பலைக் கரைமேல் தள்ளும். பணத்தை வாங்கிக்கொண்டு அதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்றுதான் அவர் அவசரப்பட்டார். கடிதப் போக்குவரத்திலேயே வாரங்கள் கழிந்தன. அக்டோபர் 13 இரவு புயல் அடித்தது. கப்பல்கள் மூழ்கின, மிஞ்சியவை பாய்மரம் இழந்து நின்றன, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அக்டோபர் 23-இல் அவர் மெட்ராஸை விட்டுப் போனார். தூப்ளே ஒப்பந்தத்தைக் கிழித்துப்போட்டார்.

போர்ட் லூயி திரும்பியபோது அவருடைய நாற்காலியில் புதிய ஆளுநர் தவீத் உட்கார்ந்திருந்தார். பிரான்சுக்குப் போகும் வழியில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். அவர்கள் மரியாதையாக நடத்தி, வாக்குறுதியின் பேரில் விடுவித்தார்கள். பாரிசில் 1748 மார்ச்சில் பாஸ்தீய் சிறையில் அடைத்தது அவருடைய சொந்த அரசு. எழுதக் காகிதம் தராததால், கைக்குட்டையைக் கஞ்சியில் தோய்த்து விறைப்பாக்கி, புகைக்கரியும் காப்பியும் கலந்த மையால் மெட்ராஸ் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்தார் என்று சொல்லப்படுகிறது. 1751 பிப்ரவரியில் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகி வெளியே வந்தார். 1753 நவம்பர் 10-இல் இறந்தார். மெட்ராஸோ அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1749-இல், கனடாவில் உள்ள லூயிபூர்க் கோட்டைக்குப் பதிலாக ஆங்கிலேயரிடம் திரும்பிப் போயிருந்தது.